பட்டியில் வியாழக்கிழமை

ஊர் கவுன்சிலின் பொது மேலாளர் ஹோப்வுட்டின் அழைப்பு வந்தபோது டெலியா ஹார்கன் நாய்ப்பட்டியில் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடாமலேயே போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"டெலியா, பார்லின்னு ஒடம்புல வரி போட்ட நாய், நீங்கதான வெளிய குடுத்தீங்க?"

"ஆமா. ரயில்வே லைன் பக்கம் இருக்காரே ரென்னி, அவருக்கு. ஏன், திரும்பக் குடுக்கணும்கறாரா?"

"காலைல பக்கத்து வீட்டுக் குழந்தையக் கடிச்சிருச்சு. டேல் விக்கரியோட பொண்ணு. மூஞ்சியில. விமானத்துல ஏத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க."

தண்ணீர் அவள் பூட்ஸ் மீது கொட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் நாய்கள் குரைத்தன. அவர் அடுத்துச் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. வார்விக் வண்டியோடு வருகிறான், அவனோடு போய் நாயைப் பிடிக்க வேண்டும், சாயங்காலக் கவுன்சில் கூட்டத்தில் பட்டி விஷயத்தைத்தான் முதலில் எடுக்கப்போகிறார்கள்.

"குழந்தை எப்படி இருக்கு?" என்றாள்.

"அத நீங்க கேக்கறீங்க," என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

டெரிங்கா ஊரின் நாய்ப்பட்டி குப்பைக்கிடங்குக்குப் பின்னால் இருந்தது. பல வருடங்கள் அது வார்விக்கின் கையில்தான் இருந்தது. தெருவில் திரிகிற நாய்களைப் பிடித்துவந்து அடைப்பான். சட்டம் சொன்ன கெடுவுக்குள் யாரும் தேடி வராவிட்டால், வியாழக்கிழமை மதியம் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வருவான். கிடங்குப் பக்கம் வீடு இருந்தவர்கள் அந்த நேரத்துக்கு ரேடியோவைக் கொஞ்சம் உரக்க வைத்துக்கொள்வார்கள். ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்து கேட்டவர்கள் சிலர்தான். அதில் அதிகம் கேட்டவள் டெலியா. முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள், கூட்டத்துக்குக் கூட்டம் போய்ப் பின் வரிசையிலிருந்து எழுந்து நின்றாள். கடைசியில் அவள் வாயை அடைக்க, பட்டியையே அவளிடம் ஒப்படைத்தார்கள். ஒரு வருடம் பார்க்கலாம் என்றார்கள்.

அவள் ஒரு நிபந்தனை போட்டாள். பட்டிக்குள் துப்பாக்கி வரக்கூடாது. இடமில்லை என்பதற்காக எந்த உயிரையும் எடுக்கக்கூடாது. ஊர் சிரித்தது. ஆனால் அவள் ஒவ்வொரு நாயையும் படம் எடுத்துப் போட்டாள், சனிக்கிழமைகளில் கதவைத் திறந்து வைத்தாள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெண்கள் சிலரைப் பிடித்து நாய்களை நடத்திக் கூட்டிப்போக வைத்தாள். நாய்கள் வீடு போய்ச் சேர்ந்தன. வருடம் முடிந்துவிட்டது. இது நிரந்தரமா, பழையபடி வார்விக்கா என்று இன்று சாயங்காலம் ஓட்டெடுப்பு.

வார்விக் வாசலில் வண்டியை நிறுத்தி இறங்காமலே கதவைத் திறந்துவிட்டான். பெரிய உடம்பு, வெயிலில் வெந்த கழுத்து. இருக்கைக்குப் பின்னால் துப்பாக்கி கிடந்தது.

"ஏறு. உன் செல்லப்பிள்ள ஊரையே கெளப்பி விட்டுருச்சு."

"அது எதுக்கு?" என்று துப்பாக்கியைக் காட்டினாள்.

"பூச்செண்டு கெடைக்கல."

வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு கிளம்பியது. கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை. வேலிக்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த இளஞ்சிவப்புக் கிளிகள் வண்டிச் சத்தத்தில் மொத்தமாக எழும்பின.

"உனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமாத்தான் இருக்கும்," என்றாள் டெலியா.

"என் பேத்தியும் அந்தப் பொண்ணும் ஒரே கிளாஸ்," என்றான் வார்விக். "வாய மூடிட்டு வா."

அவள் வாயை மூடிக்கொண்டாள். மனம்தான் மூடவில்லை. பார்லி பட்டிக்கு வந்த முதல் வாரமே அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். தட்டில் தீனி இருக்கும்போது யாராவது பக்கத்தில் போனால் அதன் உடம்பு கட்டைபோல விறைத்துவிடும். தலை தாழும். கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரியும். மற்ற நேரத்தில் அதைவிடச் சாதுவான நாய் கிடையாது. மடியில் முகத்தை வைத்துப் பெருமூச்சு விடும். பட்டி அப்போது நிரம்பி வழிந்தது. ஒரே கூண்டில் இரண்டும் மூன்றுமாக அடைத்திருந்தாள். ரென்னி வந்து பார்லியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தபோது, "சாப்பிடும்போது பக்கத்துல போகாதீங்க, வீட்டுக்குக் குழந்தைங்க வந்தா உள்ள கட்டிப்போடுங்க" என்று மட்டும் சொன்னாள். தனியாள், வீட்டில் குழந்தை இல்லை, போதும் என்று நினைத்தாள். வெளியே போகிற நாய்களைப் பரிசோதிக்கிற கால்நடை மருத்துவர் இமோஜனிடம் அதைச் சொல்லவில்லை. மறந்து போகவில்லை. சொல்லவில்லை.

ரென்னியின் வீடு தண்டவாளத்தை ஒட்டி, மரக்கால்களின் மேல் நின்றது. படிக்கட்டில் அவர் குறுக்காக உட்கார்ந்திருந்தார். ரயில்பாதை வேலையில் தேய்ந்துபோன மெல்லிய மனிதர், முழங்கால்களைக் கைகளால் கட்டிக்கொண்டிருந்தார். முற்றத்தில் டேல் விக்கரி நின்றான். வேலிக்கு நடுகிற இரும்புக் கழி ஒன்று அவன் கையில் இருந்தது. சட்டையின் முன்பக்கம் முழுக்க இரத்தம் காய்ந்து பழுப்பேறியிருந்தது.

"வந்துட்டா பாரு," என்றான் டேல். "நாய்க்கு வீடு தேடித் தர்றவ."

"டேல், மேவ் எப்படி இருக்கா?"

"பேரச் சொல்லாத. எம்பொண்ணு பேர உன் வாயால சொல்லாத." கழி அவன் கையில் ஆடியது. "ஒதட்டுல பாதியக் காணோம். விமானத்துல ஒருத்தருக்குத்தான் எடமாம். அவ அம்மா போயிருக்கா. நான் இங்க நிக்கறேன். நான் என்ன பண்ணணும்ங்கற?"

டெலியா ரென்னியைப் பார்த்தாள்.

"ஓடிப்போச்சு," என்றார் ரென்னி, அவளைப் பார்க்காமல். "கடிச்சதும் பயந்து காட்டுப் பக்கம் ஓடிருச்சு. எங்க போய்த் தேட?"

"பொய்!" என்று டேல் கத்தினான். "உள்ளதான் வெச்சிருக்கான் கெழவன். விலகச் சொல்லு இவன!"

வார்விக் வண்டியிலிருந்து இறங்கி மெதுவாக நடந்து வந்தான். துப்பாக்கியை எடுக்கவில்லை என்பதை டெலியா ஓரக்கண்ணால் பார்த்தாள். டேலுக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் போய் நின்று சிகரெட் பாக்கெட்டை எடுத்தான்.

"ஒண்ணு எடுத்துக்க," என்றான்.

"வேணாம்."

"நான் கேக்கல. எடுத்துக்கன்னு சொன்னேன்."

டேல் எடுக்கவில்லை. ஆனால் கழி சற்றுத் தாழ்ந்தது. டெலியா படியேறி ரென்னியின் பக்கத்தில் குனிந்தாள்.

"துணி தொவைக்கற அறையிலயா?" என்று கிசுகிசுத்தாள்.

ரென்னி முற்றத்துப் பக்கம் கண்ணைக் காட்டினார். "அவன் அதக் கொன்னுடுவான் டெலியா. இரும்பால அடிச்சே கொன்னுடுவான்."

"நான் எடுத்துட்டுப் போறேன். கதவ விடுங்க."

"எடுத்துட்டுப் போய்?"

"அடி படாம போகும். அவ்வளவுதான் என்னால முடியும்."

அவர் படியில் ஓரமாக நகர்ந்தார்.

அறை இருட்டாக இருந்தது. சோப்பு நாற்றம், அதோடு பயந்த நாயின் நாற்றம். தொட்டிக்கு அடியில், சுவரோடு சுவராக, பார்லி. முன்னங்கால்களுக்கு நடுவில் ஒரு ஆட்டுக் கால் எலும்பு. டெலியா உள்ளே காலை வைத்ததுமே அடித்தொண்டையில் உறுமல் ஆரம்பித்தது. அவள் நின்றாள். வாசலிலிருந்து ரென்னி சன்னமாகப் பேசினார்.

"வேலியில ஒரு பலக இல்ல. அது வழியா மேவ் தெனமும் வருவா. கழுத்தக் கட்டிக்குவா. அது பாட்டுக்கு நிக்கும், வாலாட்டும். இன்னிக்கு எலும்பு போட்டேன். கெட்டில் கொதிச்சிருச்சுன்னு உள்ள போனேன். அவ்வளவுதான், டெலியா. கெட்டில நிறுத்தத்தான் போனேன்."

கழுத்தில் சுருக்குப் போடுகிற கழி வண்டியில் இருந்தது. அதை எடுக்கப் போனால் டேல் பின்னாலேயே வந்துவிடுவான். இடுப்பிலிருந்து தோல் கயிற்றை உருவி, சுருக்கைத் தளர்த்தி, நாய்க்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். பட்டியில் மிரண்டுபோய் வருகிற நாய்களிடம் அப்படித்தான் உட்காருவாள். அப்போதெல்லாம் பயம் இருந்ததில்லை. இன்று பிடரியின் மயிர் குத்திட்டு நின்றது.

உறுமல் நின்றது. மீண்டும் ஆரம்பித்தது. நின்றது.

திடீரென்று வெளிச் சுவரில் தட்டென்று இரும்பு மோதியது. டேல் வீட்டைச் சுற்றி வந்துவிட்டான். "வெளிய கொண்டா! வெளிய கொண்டாடி!" பலகைச் சுவர் அதிர்ந்தது. தொட்டிக்கடியில் நகங்கள் தரையைப் பிறாண்டின. சூடான மூச்சு அவள் முழங்கையில் பட்டது. கடிக்கப்போகிறது என்று நினைத்தாள். கையை இழுக்க வேண்டும் என்று உடம்பு முழுவதும் துடித்தது. இழுக்கவில்லை. நாயின் தலை அவள் கைக்கடியில் நுழைந்து இடுப்போரம் புதைந்தது. ஒளிய இடம் தேடி வந்திருந்தது. அவள் சுருக்கை மாட்டினாள்.

பின்வாசல் வழியாக அவர்கள் ஓட்டமும் நடையுமாக வந்தபோது டேல் கழியை ஓங்கிக்கொண்டு எதிரே வந்தான். வார்விக் வெறுங்கையோடு அவன் மார்பில் கைவைத்துத் தடுத்தான். "போதும்டா. போதும். அது போற எடத்துக்குத்தான் போகுது." டேல் கழியை வீசினான். அது வண்டியின் கூண்டுக் கதவில் பட்டுத் தெறித்தது. டெலியா நாயை உள்ளே தள்ளி தாழ்ப்பாளைப் போட்டாள். திரும்பிப் பார்த்தபோது டேல் புழுதியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடியிருந்தான். அவனைத் தூக்கி நிறுத்த யாரும் போகவில்லை. அவனிடம் போக யாருக்கும் முகம் இல்லை.

இமோஜன் தன் கால்நடை மருத்துவமனையின் பின்கதவைத் திறந்து வைத்திருந்தாள். இந்த ஊருக்கு வந்து சில வருடங்களே ஆன இளம் மருத்துவர். டெலியாவின் பட்டிக்குச் சனிக்கிழமைதோறும் இலவசமாக வந்து ஊசி போடுகிறவள். ரென்னியும் வண்டியில் பின்னால் வந்திருந்தார். நாயை விட்டுக்கொடுப்பதாக அவரே சொன்னார். அதன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

உயிரை எடுக்கிற மருந்தை ஏற்றுவதற்கு முன் இமோஜன் கேட்டாள். "தீனியக் காக்கற நாய்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"என்கிட்ட சொல்லல."

"சொல்லியிருந்தா நீ விட்டிருக்க மாட்ட."

"மாட்டேன்தான்," என்றாள் இமோஜன். பார்லியின் முன்னங்காலில் மயிரை மழித்தாள். ரென்னி அதன் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். உயிர் போன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

டெலியா வெளியே வந்தபோது வார்விக் வண்டியில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஹோப்வுட் கூப்பிட்டான்," என்றான். "கூட்டத்துக்கு முன்னாடி பட்டியக் காலி பண்ணச் சொல்றான். கெடு முடிஞ்ச நாய் எல்லாத்தையும்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. நேற்று வந்த இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கெடு முடிந்திருந்தது.

"முடியாது. ஓட்டு போடற வரைக்கும் பட்டிக்கு நான்தான் பொறுப்பு."

"காலைலயே உன்ன வேலையிலேர்ந்து நிறுத்தி வெச்சாச்சு. கடுதாசி வீட்டுக்கு வரும். சுத்தம் பண்ணிட்டோம்னு கூட்டத்துல எந்திரிச்சு சொல்லணும் அவனுக்கு."

"நீ செய்வியா?"

வார்விக் காறித் துப்பினான். "எனக்கு சம்பளம் தர்றது நீயா?"

"செய்வியான்னு கேட்டேன்."

"இத்தன வருஷத்துல நான் சுட்டதெல்லாம் கடிச்ச நாய்ங்கன்னு நெனச்சியா?" என்றான் அவன், அவள் கேட்டதற்குப் பதிலாக. "கடிக்கற நாய்க்கு சொந்தக்காரன் இருப்பான். வந்து சண்ட போட்டு வாங்கிட்டுப் போயிடுவான். நான் சுட்டது யாரும் கேட்டு வராதத. என்னப் பாத்து வாலாட்டுறத." வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினான். "கூட்டம் ஆரம்பிச்சிருக்கும். போ."

வண்டி குப்பைக்கிடங்குச் சாலையில் திரும்பியது.

டெலியாவின் கார் பட்டியில் நின்றது. இமோஜன் சாவியோடு ஓடி வந்தாள். "ஏறு. எங்க போகணும்?"

பட்டிக்குப் போய் வாசலில் படுத்துக்கொள்ளலாம். வார்விக் அவளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட மாட்டான் என்பது என்ன நிச்சயம்? இன்று தடுத்தாலும் அடுத்த வியாழக்கிழமை? அந்தச் சாலையையே பார்த்தாள். கூண்டுகளில் ஒவ்வொன்றின் முகமும் தெரிந்தது.

"கவுன்சிலுக்கு," என்றாள்.

கூட்ட அறையில் வழக்கமாக நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். இன்று சுவரோரம் வரை ஆட்கள். ஹோப்வுட் பேசிக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, அளந்து பேசுகிற குரல். நல்ல எண்ணத்தோடு ஆரம்பித்த சோதனை, ஒரு குழந்தை அதற்கு விலை கொடுத்திருக்கிறது, பழைய முறை கடுமையானது, ஆனால் பாதுகாப்பானது. மேயர் ஓர்லா பெக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அந்த நாய்கிட்ட ஏதாவது கோளாறு இருந்துச்சுன்னு முன்னாடி தெரிஞ்சிருந்ததா?"

"அப்படி எந்தத் தகவலும் நம்மகிட்ட இல்ல," என்றார் ஹோப்வுட்.

அதோடு விட்டிருக்கலாம். எந்த நாயும் என்றைக்காவது கடிக்கும், விபத்து என்று சொல்லிவிடலாம். பக்கத்தில் இமோஜன் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். டெலியா எழுந்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

அறை முழுவதும் திரும்பியது. அவள் சொன்னாள். விறைத்த உடம்பு, கண்ணோரத்து வெள்ளை, மருத்துவரிடம் மறைத்தது, எல்லாவற்றையும். "பாவி!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். யாரோ நாற்காலியைத் தள்ளினார்கள். மேயர் மேஜையைத் தட்டினார்.

"அப்ப உங்க முறை தோத்துப்போச்சுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க," என்றார் ஒரு கவுன்சிலர்.

"நான் தோத்தேன். பட்டி நெறஞ்சிருந்துச்சு. ஒரு கூண்டு காலியானாப் போதும்னு இருந்தேன். அதனால பாத்தத பாக்காத மாதிரி இருந்துட்டேன்." அவள் கவுன்சிலர்கள் உட்கார்ந்திருந்த மேஜைப் பக்கம் திரும்பினாள். "முன்னாடி எடம் இல்லன்னு சுட்டீங்க. நான் எடம் இல்லன்னு, குடுக்கக்கூடாத நாயக் குடுத்தேன். எத விடறது, எத விடக்கூடாதுங்கறது ஒருத்தர் கையில இருக்கக்கூடாது. என் கையிலயும் சரி, வார்விக் கையிலயும் சரி. மருத்துவர் பாத்து சொல்லட்டும். கூண்டு போதலன்னா கூண்டு கட்டுங்க. என்ன வேலைய விட்டு எடுங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அந்தத் துப்பாக்கியத் திரும்பக் கொண்டு வராதீங்க."

அப்போதுதான் கதவருகே டேல் நிற்பதை எல்லோரும் பார்த்தார்கள். அதே சட்டை. அறை அடங்கியது.

"டேல்," என்றார் மேயர், "நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"ஆபரேஷன் நடந்துக்கிட்டிருக்கு," என்றான் அவன். குரல் தட்டையாக இருந்தது. "நான் ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். அந்த நாய் செத்துச்சா?"

"செத்துருச்சு," என்றாள் டெலியா. "நான் கூடவே இருந்தேன்."

அவன் தலையாட்டினான். "நீ சொன்னதெல்லாம் கேட்டேன். உன்ன நான் மன்னிக்க மாட்டேன்." பிறகு மேஜைப் பக்கம் பார்த்தான். "நீங்க ஓட்டு போடுங்க, போடாம போங்க. எனக்கு அதப் பத்தி ஒண்ணும் இல்ல." கதவு அவன் பின்னால் மெதுவாக மூடிக்கொண்டது.

டெலியா உட்காரவில்லை. "இன்னொண்ணு," என்றாள். "நீங்க இங்க ஓட்டு போடறதுக்குள்ள அங்க சுட்டு முடிச்சிருப்பாங்க. பட்டியக் காலி பண்ணச் சொல்லி உத்தரவு போயிருக்கு."

மேயர் மெல்லத் தலையைத் திருப்பினார். "யார் குடுத்த உத்தரவு?"

ஹோப்வுட் தண்ணீர்க் குவளையை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். "என் அதிகாரத்துக்கு உட்பட்டதுதான். பொதுமக்கள் பாதுகாப்ப முன்னிட்டு…"

"போன் பண்ணி நிறுத்துங்க. இப்ப."

அவர் போனை மேஜையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அறையில் யாரும் இருமக்கூட இல்லை. மணி ஓய்ந்தது. மறுபடி போட்டார். யாரும் எடுக்கவில்லை.

"உட்காருங்க டெலியா," என்றார் மேயர். "ஓட்ட முடிச்சிடறேன். அதுக்கப்பறம் யாராலயும் இந்த மாதிரி உத்தரவு போட முடியாது."

துப்பாக்கி இல்லாத முறைக்கு ஆதரவாகக் கைகள் உயர்ந்தன. பாதிக்குப் பாதி; மேயரின் ஓட்டுதான் மிச்சம். மேயர் தன் கையை உடனே உயர்த்தவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு கணம் டெலியாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கனிவு ஒன்றும் இல்லை. பிறகு தன் நிபந்தனையைச் சொன்னார்: பட்டி நிரந்தரமாக இமோஜனின் பொறுப்பில் வரும். அவள் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஒரு நாயும் வெளியே போகாது, ஒரு நாயும் சாகாது. டெலியா கூண்டு கழுவலாம், தீனி போடலாம்; முடிவெடுக்கிற இடத்தில் இருக்கக்கூடாது. அப்படிச் சொல்லிவிட்டு மேயர் கையை உயர்த்தினார்.

இமோஜன் காரைப் பறக்க விட்டாள். குப்பைக்கிடங்கு வாசலைத் தாண்டியதும் டெலியா ஜன்னலை இறக்கினாள். இந்தத் திருப்பத்தில் கார் வரும்போதே நாய்கள் எல்லாம் ஒன்றாகக் குரைக்க ஆரம்பிக்கும். காற்றில் தகரம் படபடத்தது. காக்கைகள் கரைந்தன. வேறு சத்தம் இல்லை.

"இமோஜன், ஒண்ணுமே கேக்கல."

இமோஜன் காரை இன்னும் விரட்டினாள்.

வார்விக்கின் வண்டி வாசலில் நின்றது. பட்டிக் கதவு திறந்து கிடந்தது. டெலியா கார் நிற்பதற்கு முன்பே இறங்கி ஓடினாள். கால் சரளையில் வழுக்கியது. உள்ளே நுழைந்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாய்கள் தின்றுகொண்டிருந்தன. ஒவ்வொரு கூண்டிலும் தகரத் தட்டில் மூக்கைப் புதைத்து, நிமிர்ந்து பார்க்காமல் தின்றன. நடுவழியில் கவிழ்த்த வாளி மேல் வார்விக் உட்கார்ந்திருந்தான்.

"தீனி வேள தப்பிப்போச்சு, கத்தித் தொலைச்சுதுங்க," என்றான். "அந்த எரைச்சல்ல போன் எங்க கேக்கும்?"

டெலியா ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தனித்தனியாத்தான் வெச்சேன்," என்றான் அவன். "கூட இருந்ததப் பிரிச்சு, சிலத நடைபாதையில கட்டி வெச்சு. எனக்கும் கொஞ்சம் தெரியும்."

"ஏன் வார்விக்?"

"நான் திருந்திட்டேன்னு ஊருல சொல்லிட்டுத் திரியாத." அவன் எழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். கூண்டுகளின் மேல் டெலியா சாக்பீஸால் எழுதிவைத்திருந்த பெயர்களைக் கையால் காட்டினான். "என் காலத்துல ஒண்ணுக்கும் பேர் கெடையாது. வேல சுலபம். நீ வந்து ஒவ்வொண்ணுக்கும் பேர வெச்சுத் தொலைச்சிட்ட." தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு இமோஜனைத் தாண்டி வெளியே போனான்.

மேவுக்கு அந்த வருடத்தில் மேலும் சில ஆபரேஷன்கள் நடந்தன. உதட்டிலிருந்து கன்னம் வரை ஒரு தழும்புக் கோடு நின்றுவிட்டது. பலசரக்குக் கடையில் டெலியா எதிரே வந்தால் டேல் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவான். ரென்னி வேலியின் பலகையை அடைத்தார். வேறு நாய் வளர்க்கவில்லை. ஹோப்வுட் அதே நாற்காலியில்தான் இருந்தார். இமோஜன் கறாராக இருந்தாள். முன்பு போனதைவிடக் குறைவான நாய்கள்தான் வெளியே போயின. சில வாரங்களில் கூண்டு போதாமல் திண்டாடினார்கள். ஊருக்குள் நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு கவுன்சில் இன்னொரு கொட்டகை கட்டியது. சில நாய்களை இமோஜன் தானே ஊசி போட்டு முடித்தாள். அந்த நாட்களில் டெலியா அவற்றின் தலையைப் பிடித்துக்கொண்டாள். வேறு யாரையும் பிடிக்கச் சொல்லவில்லை.

குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் வந்தாள். காரில் இரண்டு சின்னப் பிள்ளைகள். படத்தில் பார்த்த மஞ்சள் நாய் வேண்டும் என்றாள்.

"அது குழந்தைங்க இருக்கற வீட்டுக்குப் போக முடியாது," என்றாள் டெலியா. "பின்னால இருந்து தொட்டா பல்லக் காட்டும். டாக்டர் வேணாம்னு சொல்லிட்டாங்க. நானும் வேணாம்னுதான் சொல்வேன்."

"படத்துல அவ்வளவு சாதுவா இருந்துச்சே?"

"படத்துல எல்லாமே சாதுதான்."

"இவ்வளவு தூரம் வந்திருக்கேன். பிள்ளைங்ககிட்ட என்ன சொல்றது?"

"நான் விடலன்னு சொல்லுங்க."

அந்தப் பெண் முணுமுணுத்துக்கொண்டே காரில் ஏறினாள். பின் கண்ணாடியில் பிள்ளைகளின் முகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. கார் வளைவில் மறையும்வரை மஞ்சள் நாய் கம்பியில் மூக்கை வைத்து நின்றது. டெலியா கூண்டைத் திறந்து, அதற்கு முன்பக்கமாகக் கையைக் காட்டி, கழுத்தில் கயிற்றை மாட்டி, வேலியோரம் நடக்கக் கூட்டிப் போனாள்.